தராசுக்காரரும் அவர் நாயின் இடுப்பும்

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் தராசுக்காரரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், ஊரார் தராசில் பத்து கிராம் பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, தன் நாயின் மேல் ஏறியிருந்த பத்து கிலோவைக் காணாமல் விட்டவர் என்பேன். அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லியிருக்கிறேன். "ஒம்பது கிலோக்கா," என்று திருத்தினார்.

கடைத்தெருவில் இருக்கும் தராசுகளைச் சரிபார்ப்பதும் பழுது நீக்குவதும் அவர் தொழில். ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார். அதற்குள் வெல்வெட் குழிகளில் எடைக்கற்கள் வரிசையாகத் தூங்கும். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டார். விரல் வியர்வை எடையைக் கூட்டுமாம். துணிக் கையுறை போட்டுக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்குவது போலத் தூக்கித் தட்டில் வைப்பார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணைப் பார்ப்பார். தட்டைக் கழற்றி, கரப்பான் கால், சில்லறைக் காசு, காய்ந்த மாவு எல்லாவற்றையும் தூரிகையால் தட்டுவார். முப்பத்தைந்து வருடமாக இதே வேலை. கடைக்காரர்கள் அவரை மதிப்பார்கள், கொஞ்சம் பயப்படவும் செய்வார்கள்.

வேலை நேரம் முடிந்தாலும் அவர் மண்டைக்குள் இருக்கும் தராசு ஓயாது. முதல் மாடியில் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது, எல்லாரும் மூக்கு யாரைப் போல, நெற்றி யாரைப் போல என்று பேசிக்கொண்டிருக்க, இவர் இரு கையிலும் வாங்கி, "மூணு கிலோ முந்நூத்தம்பது," என்றார். குழந்தையின் அம்மா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. எடை சரியாகத்தான் இருந்தது.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவர். இருபத்தெட்டு வருடம் 'சத்தம் போடாதீர்கள்' பலகைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்ததில் அந்த அம்மாவுக்குக் குரல் உயராது. சண்டையைக்கூட கிசுகிசுப்பாகத்தான் போடுவார். கத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்த அம்மா குரலைத் தாழ்த்தினால் மூன்று மாடியும் அடங்கும்.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி வந்தார் தராசுக்காரர். பையிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாக எடை போட்டார். நாலு கிலோ அறுநூறு. அதனால் 'பொடியன்' என்று பெயர் வைத்தார். ஏழு வருடத்தில் பொடியன் வாசலை அடைத்துக்கொண்டு படுக்கும் அளவுக்கு வந்தான். பெயரை மாற்றத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தச் சாதி நாய் நல்ல நாய்தான். குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் இருக்கும். அதற்குப் பகை இரண்டு. ஒன்று வயிறு. அந்தச் சாதியில் பலவற்றுக்குப் பிறவியிலேயே 'போதும்' என்று சொல்லும் மணி வயிற்றில் அடிப்பதில்லை. இப்போதுதான் தின்று முடித்திருந்தாலும் மூன்று நாள் பட்டினி கிடந்தது போல முகத்தை வைத்துக்கொள்ளும். இரண்டாவது பகை இடுப்பு. தொடை எலும்பின் உருண்டை இடுப்புக் கிண்ணத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். இவற்றில் சிலவற்றுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக அமைந்துவிடும். உருண்டை ஆடும், உராயும், தேயும். மேலே சதை ஏற ஏற வலியும் ஏறும். இரண்டு பகையும் ஒரே உடம்பில் கூட்டு வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நீட்டி முழக்க வேண்டாம்; பொடியனே போதும்.

நான் தரைத்தளத்தில் இருக்கிறேன்; ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். படியில் யார் ஏறுகிறார்கள் என்பது காலோசையிலேயே தெரிந்துவிடும். பொடியனுடைய நாலு கால் ஓசை ஒரு நாள் மூன்றாகிவிட்டது. முன்னால் டக், டக், பின்னால் ஒரே 'தொப்'. வெளியே வந்து பார்த்தேன். பின்னங்கால் இரண்டையும் ஒட்டிவைத்து முயல் போலத் தாவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இவன் இடுப்பக் காட்டிட்டு வாங்க. சரியில்ல," என்றேன்.

"வயசாச்சுல்லக்கா. அப்புறம் கொஞ்சம் குறும்பு."

"வயசா, குறும்பா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து, வழவழப்பான தரையில் படுத்திருந்த பொடியன் எழ முடியாமல் முன்னங்காலால் நீந்தினான். உடனே தராசுக்காரர் தன் முட்டிவலி மாத்திரையில் பாதியை உடைத்துக்கொண்டு கீழே ஓடி வந்தார். பாதி கொடுத்தால் போதுமா, முழுசா என்று என்னிடம் கேட்க வந்தாராம். நல்ல வேளை, கேட்க வந்தார். மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மனிதருடைய வலி மாத்திரை நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எடை பார்த்துப் பாதியாக உடைத்தாலும் விஷம் விஷம்தான்.

அன்றே மருத்துவரிடம் போனோம். சின்னப் பெண். நிதானமான கை. பொடியனைப் படுக்கவைத்துக் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார், படம் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்தக் கிண்ணம் பாருங்க சார். ஆழமே இல்ல. இது பிறவியில வந்தது, நம்ம கையில இல்ல. ஆனா இது இருக்கே..." என்று தராசைக் காட்டினார். "நாப்பத்தி மூணு. இவன் உடம்புவாகுக்கு முப்பத்தி நாலுதான் இருக்கணும்."

தராசுக்காரர் பொடியனைப் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்து நீர்மட்டக் குமிழைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இதக் கடைசியா எப்ப செக் பண்ணுனீங்க?"

"சார், அவன் விலா எலும்பத் தொட்டுப் பாருங்க, தராசே வேண்டாம். உங்க விரல் முட்டி மாதிரி வரிவரியாத் தட்டுப்படணும்."

அவர் தொட்டார். மெத்தைதான் தட்டுப்பட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை மரப்பெட்டியோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், கையுறை சகிதம். பூனைக் கூடையோடு காத்திருந்தவர்களுக்கு நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஐந்து, பத்து, இருபது என்று கல் வைத்து முக்கால் மணி நேரம் சோதித்தார். தராசில் பிழை இருக்கத்தான் செய்தது. இருநூறு கிராம் குறைத்துக் காட்டியது. அதாவது பொடியன் நாற்பத்து மூன்று இல்லை, நாற்பத்து மூன்று கிலோ இருநூறு.

வேறு ஆளாக இருந்தால் பெட்டியை மூடிக்கொண்டு வந்திருப்பார். இவர் திருகைச் சரிசெய்து, சீட்டு எழுதி ஒட்டி, மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை முத்திரை குத்தி வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்க வேண்டும், தொடையில் தசை ஏற வேண்டும். அதுவரை படியில் தானாக ஏறக் கூடாது. அப்படி இறங்காவிட்டால் மாடி வீடு அவனுக்கு ஆகாது.

எங்கள் கட்டிடத்தில் மின்தூக்கி கிடையாது. ஐம்பத்து நாலு படி. அகலமான துண்டை வயிற்றுக்குக் கீழே கொடுத்துப் பின்பாகத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இடுப்பு முறிந்தவர்களை நடக்கவைக்க நாங்கள் செய்யும் அதே முறைதான். முதல் நாள் தராசுக்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் துண்டோடு உட்கார்ந்துவிட்டார். பொடியன் அவர் கன்னத்தை நக்கினான்.

நூலகத்தம்மா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் வீட்டுல படியே கிடையாது," என்றார், காதில் ரகசியம் சொல்வது போல. "முன்னாடி தோட்டம். அண்ணன் நாலு தடவ கேட்டுட்டாரு. மூணு மாசம் பாப்போம். எறங்கலேன்னா அனுப்பிடணும்."

"அவன் அங்க இருக்க மாட்டான்."

"இருப்பான். இருக்க முடியாதது நீங்கதான். அதுக்காக அவன் காலு போகணுமா?"

அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. திருப்பத்தில் பொடியனின் பின்னங்கால் நடுங்குவதை அந்த வீட்டில் ஒழுங்காகப் பார்த்த ஆள் அவர்தான். அன்றிலிருந்து பொடியனுக்குச் சாப்பாடு கிராம் கணக்கில் வந்தது.

நகைக்கடையிலிருந்து சரிசெய்ய வந்த தராசு ஒன்றில் நாய்த்தீனியைக் காலையும் மாலையும் நிறுத்தார். நூற்று அறுபது, நூற்று அறுபது. ஒரு குருணை கூடினால் இடுக்கியால் எடுப்பார். நோட்டுப் போட்டு எழுதினார். வீட்டில் யாரும் மிச்சம் மீதி போடக் கூடாது என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டினார். வழவழத் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டார். மருத்துவர் சொன்னபடி உட்காரவைத்து எழுப்பி, உட்காரவைத்து எழுப்பித் தினம் இருபது தடவை. நான்கூட 'ஆள் தேறிவிட்டார்' என்று நினைத்தேன்.

நாலு வாரம் கழித்து எடை போட்டார்கள். நானூறு கிராம் கூடியிருந்தது.

இந்த முறை தராசைக் குற்றம் சொல்ல வழியில்லை. அவரே சரிசெய்த தராசு. ஆகவே ஆட்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். முதல் மாடிக் குழந்தையின் தட்டைச் சந்தேகப்பட்டார். தபால்காரரைச் சந்தேகப்பட்டார். மனைவியிடம் கேட்டு, அவர் தாழ்த்திய குரலில் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு வெளியேறினார். கடைசியில் என் வாசலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. நீங்க ஏதாவது, பாவம்னு..."

"பாவம்னு நான் யாருக்காவது எதையாவது குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப போங்க."

போகச் சொன்னேனே தவிர, யோசனை விடவில்லை. சர்க்கரை நோயாளிக்கு மருந்தும் பத்தியமும் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், முதலில் தலையணைக்கு அடியில் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை என்றால், ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் உறவுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும். பொடியனை அவர் தினமும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவது எனக்குத் தெரியும். மெதுவாக நடப்பது இடுப்புக்கு நல்லது என்று மருத்துவரே சொன்னதுதான். மறுநாள் ரொட்டி வாங்கும் சாக்கில் பின்னாலேயே போனேன்.

ரொட்டிக் கடையில் இரண்டு தராசு; கடை திறந்ததும் தினம் அவர் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கல் வைத்துச் சோதனை முடிந்தது. கடைக்காரருக்குக் கல்லில் திருப்தி வராது. தன் சரக்கை வைத்துப் பார்த்தால்தான் நம்புவார். ஒரு பன்னை எடுத்து முதல் தராசில் வைத்தார். அறுபத்து இரண்டு. அதே பன் அடுத்த தராசில். அறுபத்து இரண்டு. "ரெண்டும் ஒண்ணு," என்றார் தராசுக்காரர், கையுறையைக் கழற்றினார், பன்னை எடுத்துக் கையைக் கீழே விட்டார். பன் காணாமல் போனது. அவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கை செய்ததைத் தலை பார்க்கவே இல்லை.

"தம்பி," என்றேன்.

"அடடே, அக்கா! ரொட்டியா?"

"அந்த பன்னு எங்க?"

"எந்த பன்னு?"

"தட்டுல வெச்சீங்களே."

"அதுவா? அது டெஸ்ட்டுக்கு வெச்சதுக்கா. டெஸ்ட்டுக்கு வெச்சது கணக்குல வராது. திரும்ப விக்க மாட்டாங்க, பில்லும் போட மாட்டாங்க. எங்க தொழில்ல அப்படித்தான்."

"சரி. டெஸ்ட்டு முடிஞ்சு அது எங்க போச்சு?"

அவர் சீட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகுதான் கீழே பார்த்தார். பொடியன் வாலை ஆட்டினான், மீசையில் எள்ளோடு.

ரொட்டிக் கடைக்காரர் சிரிப்பை அடக்க மாவு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏழு வருஷமா அப்படித்தானே அண்ணே," என்றார் திரும்பாமலே. "கறிக்கடையிலயும் கேட்டுப் பாருங்க."

கேட்டோம். கறிக்கடையில் சோதனைக்கு வைப்பது கோழி ஈரல், நூறு கிராம். பிஸ்கட் கடையில் உடைசல் ஒரு கைப்பிடி. பழக்கடையில் வாழைப்பழம் இரண்டு. அங்கேயே நடைபாதையில் நின்று தராசுக்காரர் கூட்டினார். ஒரு நாளைக்குக் குறைந்தது நானூற்று முப்பது கிராம். வீட்டில் ஒரு குருணையை இடுக்கியால் எடுத்த மனிதர். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு நிறையச் சொன்னேன்.

நாலு வாரம் வீணாகிவிட்டது. மிச்சம் எட்டு வாரம். பொடியனைப் பகலில் என் வீட்டில் விடச் சொன்னேன். எனக்கு நாய் முடி பிடிக்காது; ஆனால் படி ஏறுகிற தடவையும் குறையும், கடைத்தெருவும் இருக்காது. அவன் என் அடுப்பங்கரை வாசலில் படுத்துக்கொண்டு, பெட்டிசன் போட்டவன் போல என்னையே பார்ப்பான். நான் என் வேலையைப் பார்ப்பேன். மூன்று நாளில் இந்த அதிகாரி லஞ்சம் வாங்காதவள் என்று புரிந்துகொண்டான்.

சாயங்காலம் குளத்தில் நீந்தவைக்கக் கூட்டிப் போவார். தண்ணீரில் உடம்பு எடை மூட்டில் இறங்காது. தசை மட்டும் வேலை செய்யும். இரண்டாவது வாரமே காதில் நாற்றம். தொங்கு காதுக்காரர்களுக்கு ஈரம் உள்ளே தங்கினால் இதுதான். துடைக்கவில்லையா என்று கேட்டேன். "வெளிய தொடச்சேன்," என்றார். உள்மடலை எப்படிக் காயவைப்பது என்று காட்டினேன். பொடியன் தலையை உதறி என் புடவையை நனைத்தான். மருந்து ஏழு நாள். எடை மட்டும் வாரா வாரம் அரைக் கிலோ இறங்கியது. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து காட்டுவார். பத்து வயதில் நான் மார்க் அட்டையை அப்படிக் காட்டியதில்லை.

கெடு முடிகிற நாளன்று மச்சான் வேனோடு வந்து இறங்கினார். நூலகத்தம்மாவின் அண்ணன். நல்ல மனிதர், பெரிய தொப்பை, பெரிய குரல். தங்கைக்கு வராத சத்தமெல்லாம் அவருக்குப் போய்விட்டது போலும். வேனில் புது மெத்தை, புதுச் சங்கிலி, புதுத் தட்டு. தட்டு அண்டா அளவு.

"மாப்ள, கவலைய விடுங்க! ராஜா மாதிரி வெச்சுக்கறேன்!"

தராசுக்காரர் அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நூலகத்தம்மா என்னிடம் சொன்னார். நாலு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மருத்துவர் உள்ளறையில் ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "சார், நீங்களே ஏத்திப் படிச்சு எழுதிடுங்க. உங்க தராசுதானே," என்று உள்ளிருந்தே சொன்னார்.

பொடியன் ஏறி நின்றான். எண் ஆடி நின்றது. தராசுக்காரர் உடல் மறைத்ததில் எங்களுக்கு எண் தெரியவில்லை. அவர் கையில் பேனா. முப்பத்து ஏழு புள்ளி இரண்டு என்று எழுதினால் கேட்க ஆளில்லை. ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளதைப் படித்தார்.

"முப்பத்தொம்பது புள்ளி மூணு."

நாலு கிலோகூட இறங்கவில்லை. ஆறு என்றுதான் பேச்சு. நூலகத்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அட விடுங்க மாப்ள!" மச்சான் அவர் முதுகில் தட்டினார். "அதான் நான் இருக்கேன்ல. பாவம், பையன் எலும்பும் தோலுமா ஆயிட்டான். இந்தா கண்ணு..." என்று சட்டைப் பையிலிருந்து க்ரீம் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நாலையும் சேர்த்து நீட்டினார்.

நூலகத்தம்மா இத்தனை வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. பொடியனின் தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டு மூன்றரை பிஸ்கட்டை வெளியே எடுத்தார்.

"அண்ணே," என்றார். காற்று மாதிரிக் குரல். "வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்னம்மா, ஒரு பிஸ்கட்டுதானே..."

"வீட்டுல வேன் ஏறும்போது ஒண்ணு போட்டீங்க. நான் பாத்தேன். வழியில ஒண்ணு. இப்ப நாலு. உங்க வீட்டுல படி இல்ல, சரி. கதவில்லாத சமையலறை இருக்கு, நீங்க இருக்கீங்க. பொங்கிப் போட்டே இவன படுக்க வெச்சுடுவீங்க. இவரு தெரியாமக் குடுத்தாரு. தெரிஞ்சதும் நிறுத்துனாரு. நீங்க தெரிஞ்சே குடுக்கறீங்க."

காத்திருந்தவர்களின் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்தியிருந்தன.

மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எண்ணைப் பார்த்தார். தொடையை நாடாவால் அளந்தார்; முன்பைவிட இரண்டு விரற்கடை கூடுதல். பொடியனைப் படுக்கச் சொல்லி, எழச் சொன்னார். ஒரே மூச்சில் எழுந்தான்.

"இடுப்பு இனிமே புதுசா ஆகாது சார், அத மறந்துடுங்க. ஆயுசு முழுக்கப் பாத்துக்கணும். ஆனா வேகம் சரியா இருக்கு. காலையில ஒரு தடவ எறக்கம், சாயங்காலம் ஒரு தடவ ஏத்தம். துண்டு கட்டாயம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்." பிறகு நூலகத்தம்மாவைப் பார்த்து, "என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"எங்க வீட்டுலதான் இருப்பான்," என்றார் அவர்.

தராசுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் படியேறினார்கள். தராசுக்காரர் பின்னால் துண்டைப் பிடித்துக்கொள்ள, நூலகத்தம்மா முன்னால் போக, மச்சான் மெத்தையைச் சுமந்துகொண்டு பின்தொடர்ந்தார். வாங்கியதைத் திருப்பி எடுத்துப் போக அவருக்கு மனமில்லை. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மெத்தை பொத்தென்று விழும் சத்தம் கேட்டது, பின்னாலேயே மச்சானும் அதன் மேல் உட்கார்ந்த சத்தம்.

"மாப்ள... ஒரு நிமிஷம்... மூச்சு..."

"மெதுவா வாங்க மச்சான், அவசரமில்ல," என்றார் தராசுக்காரர்.

பொடியன் நிற்கவில்லை. டக், டக், டக், டக் என்று மேலே போய்க்கொண்டிருந்தான்.